தலை இடிக்காத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஒரு தேடலின் நிகழ்வு ஆய்வு

என் மைத்துனரின் உயரம் 193 சென்டிமீட்டர், அதாவது 6 அடி 4 அங்குலம். அறுபதுகளிலோ எழுபதுகளிலோ வந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம் நிம்மதியாக ஓட்ட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. முதலில் பார்க்கப் போன வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவர் தலை தானாகத் தோள் பக்கம் சாய்ந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அருமையா இருக்கு மாமா" என்றார், கழுத்தை நிமிர்த்தாமலே.

இந்த ஆய்வு அங்கேதான் தொடங்கியது. ஆசைப்பட்ட வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது கழுத்து வலிப்பது தெரியாது. சாய்ந்த கழுத்தோடு ஐந்து நிமிடம் உட்காரலாம், இரண்டு மணி நேரம் ஓட்ட முடியாது. அதனால் வண்டி பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, முதலில் ஆளை அளந்தோம். அதற்கப்புறம் பல மாதங்கள் வெவ்வேறு வண்டிகளில் உட்கார்ந்து பார்த்தோம். எங்கே தவறினோம், எது ஒத்துவந்தது, ஏன் ஒத்துவந்தது என்பதை உயரமானவர்களுக்குப் பயன்படும் என்று முழுதாக எழுதுகிறேன்.

ஆளை அளந்தது

சுவரை ஒட்டி ஒரு மர ஸ்டூல் போட்டு, முதுகு சுவரில் படும்படி அவரை நிமிர்ந்து உட்காரச் சொன்னோம். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை மட்டமாக வைத்து, அதன் அடியில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. ஸ்டூலின் மேல்பரப்பிலிருந்து அந்தக் கோடு வரை 101 சென்டிமீட்டர். இதுதான் உட்கார்ந்த உயரம். பெரியவர்களுக்கு இது பொதுவாக நின்ற உயரத்தில் 52 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும்.

அந்தக் 'கொஞ்சம்'தான் எங்களை முதலில் ஏமாற்றியது. அவருடைய நண்பர் ஒருவருக்கும் அதே 193 சென்டிமீட்டர்தான். எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையை மடித்துவிடக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார், பல வருடமாகச் சுகமாக ஓட்டுகிறார். "எனக்குச் சரியா இருக்கு, உனக்கும் இருக்கும்" என்று அவர் சொன்னதை நம்பித்தான் தேடலையே ஆரம்பித்தோம். அப்புறம் அவரையும் அதே ஸ்டூலில் உட்காரவைத்து அளந்தபோது 97 சென்டிமீட்டர்தான் வந்தது. நண்பருக்குக் கால் நீளம், மைத்துனருக்கு உடல் நீளம். நான்கு சென்டிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலம். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார முடியுமா முடியாதா என்பதே பல சமயம் அந்த இரண்டு விரலில்தான் இருக்கிறது. 'ஆறடி நாலு அங்குலக்காரர் ஒருவர் இந்த வண்டி ஓட்டுகிறார்' என்ற தகவலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது அன்றைக்குப் புரிந்தது.

கார்களின் அளவு அட்டவணையில் இருக்கும் 'தலைக்கு இடம்' என்ற எண்ணும் நேரடியாக உதவாது. இன்றைக்குக் கார் வடிவமைப்பில் வழக்கத்தில் இருக்கும் முறைப்படி, உட்கார்ந்தவரின் இடுப்பு மூட்டு வரும் புள்ளியிலிருந்து, செங்குத்துக்கு 8 டிகிரி பின்னால் சாய்ந்த கோட்டில் உட்கூரை வரை அளந்து, அதோடு 102 மில்லிமீட்டரைக் கூட்டுவார்கள். ஸ்டூலில் எடுத்த 101 சென்டிமீட்டரை அந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பது இரண்டு வேறு அளவுகோல்களை ஒப்பிடுவது போலத்தான். பழைய வண்டிகளுக்கோ, அந்த எண்ணை யார் எப்படி எடுத்தார்கள் என்பதே தெரியாது. ஏறி உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கூரை ஏன் இவ்வளவு தாழ்வு

வேகமாகப் போகும் வண்டியைக் காற்று எதிர்க்கிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் பரப்பு குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறையும். எடையும் தரைக்கு நெருக்கமாக இறங்கும். அதனால் பந்தயத்தை மனதில் வைத்து வரைந்தவர்கள் முதலில் கை வைத்தது கூரையில். ஃபோர்டு ஜிடி40-இன் பெயரில் உள்ள 40 என்பதே அதன் உயரம் சுமார் 40 அங்குலம் என்பதால் வந்தது. என் மைத்துனரின் இடுப்பு அளவுகூட வராத வண்டி.

அந்த வரிசையின் மார்க் 4 வண்டியில்தான் 1967 லெ மான்ஸ் பந்தயத்தை டான் கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் வென்றார்கள். கர்னி நல்ல உயரம். ஹெல்மெட் போட்டால் தலை கூரையில் இடித்தது. அதனால் ஓட்டுநர் தலைக்கு நேர் மேலே கூரையில் ஒரு குமிழ் எழுப்பினார்கள். அந்தக் குமிழுக்குக் கர்னியின் பெயரே நிலைத்துவிட்டது. கார்களுக்கு உடல் வடிவமைத்துக் கட்டும் இத்தாலியின் ஸகாட்டோ பட்டறை அதற்கு முன்பே, ஐம்பதுகளில், ஃபியட் அபார்த் 750 போன்ற சின்ன வண்டிகளின் கூரையில் ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று என்று இரண்டு குமிழ் வைத்து, நடுவில் பள்ளம் விட்டிருந்தது. பார்க்க அழகு, ஆனால் பிறந்தது தலைக்கு இடம் தேடித்தான். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவருக்கே கூரையை மாற்ற வேண்டியிருந்தது என்று நான் சொன்ன பிறகுதான், தன் உடம்பில் ஏதோ கோளாறு என்பது போன்ற கூச்சம் மைத்துனரை விட்டுப் போனது.

உட்கார்ந்து பார்த்த வண்டிகள்

அவர் மனதில் முதலிடம் ஜாகுவார் ஈ-டைப் கூப்பேக்கு, அதாவது நிலையான கூரை கொண்ட வடிவத்துக்கு. 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான அந்த வண்டியைப் பார்த்து ஆசைப்படாதவர்கள் குறைவு. ஈ-டைப்பிலேயே உயரமானவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடுகள் நிறைய. முதல் வண்டிகளில் தரை தட்டையாக இருக்கும். குதிகால் வைக்கும் இடத்தில் பள்ளம் கொடுத்தது 1962-இல்தான். அந்தப் பள்ளம் காலுக்குத்தானே, தலைக்கு என்ன லாபம் என்று தோன்றும். லாபம் இருக்கிறது. பாதம் கீழே இறங்கினால் முழங்காலும் இறங்கும். முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டாமல் இருந்தால் இடுப்பை ஒரு விரல் முன்னே தள்ளிச் சாய்ந்து உட்கார முடியும். தலையும் அந்த அளவு இறங்கும்.

1966-இல் வந்த, பின்னால் இரண்டு சின்ன சீட் கூடுதலாக உள்ள 2+2 வடிவத்தில் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 96 அங்குலத்திலிருந்து 105 ஆனது. கூரையும் உயர்ந்தது, முன்கண்ணாடியும் நிமிர்ந்தது. 1971-இல் வி12 எஞ்சினோடு வந்த மூன்றாம் வரிசையில் ரோட்ஸ்டருக்கும் அதே 105 அங்குலம்தான். மைத்துனர் இரண்டு சீட் கூப்பேயில் உட்கார்ந்தபோது உட்கூரைத் துணி அவர் முடியை அழுத்தியது. 2+2-இல் ஒரு விரல் நுழைந்தது. ஆனால் அதன் கூரைக்கோடு அவருக்குப் பிடிக்கவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதலித்தது இரண்டு சீட் கூப்பேயின் கூரைக்கோட்டை. அதை மறுக்க எனக்கு உரிமையில்லை.

இந்த வண்டியில் கற்றுக்கொண்ட ஒன்று பிறகு எல்லா இடத்திலும் உதவியது. பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரையில் மிக உயர்ந்த இடம் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இடம் போதவில்லை என்று சீட்டைப் பின்னே தள்ளினாலும், முதுகைச் சாய்த்தாலும், தலை கூரை இன்னும் தாழ்ந்த இடத்துக்குப் போய்விடும். காலுக்குக் கிடைக்கும் இடத்தைத் தலை கொடுத்து வாங்குவது போல. சீட்டை ஒரு பல், அதாவது ஒரு படி, முன்னே நகர்த்திப் பார்க்காமல் எந்தக் கூப்பேயையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

அடுத்து நண்பரின் எம்ஜிபி ரோட்ஸ்டர். கூரையே இல்லாத வண்டியில் தலைக்கென்ன தடை என்றுதான் நானும் நினைத்தேன். காலுக்குத் தாராளமான இடம். கூரையை மடித்துவிட்டு உட்கார்ந்தார், முகமெல்லாம் சிரிப்பு. எதிரே பத்து அடி தூரத்தில் நான் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். "கை தெரியுதா?" "தெரியலை மாமா. நடுவுல கம்பி இருக்கு." முன்கண்ணாடியின் மேல்சட்டம் சரியாக அவர் கண்ணுக்கு நேராக ஓடியது. சாலையைப் பார்க்கக் குனிய வேண்டும், சிக்னல் விளக்கைப் பார்க்கச் சட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். கூரையை மூடினால் அதன் இரும்பு வளைவு உச்சந்தலைக்கு வந்தது. அதனால் திறந்த வண்டி தேடுபவர்கள் தலைக்கு மேலே பார்ப்பதற்கு முன் கண்ணுக்கு நேரே பார்க்க வேண்டும். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-இலும் உயரமானவர்களுக்கு இதே பிரச்சினைதான். சீட்டின் ஃபோமை வெட்டி எடுத்து ஓட்டுபவர்கள் அந்த வண்டிக்காரர்களில் ஏராளம்.

திறந்த வண்டியில் இன்னொன்று, இது விளையாட்டில்லை. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பது பின்னால் இருக்கும் ரோல் பாரும் முன்கண்ணாடிச் சட்டமும்தான். இரண்டின் மேலும் ஒரு துடைப்பக் கட்டையை நேராக வைத்துப் பாருங்கள். தலை அந்தக் கட்டைக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வண்டி உங்களுக்கானதில்லை, எவ்வளவு சுகமாக இருந்தாலும்.

லோட்டஸ் யூரோப்பாவை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. உயரம் ஏறக்குறைய 1.08 மீட்டர். முதல் வரிசையில் சீட் நகராது, பெடல்தான் நகரும். நீண்ட உடல்காரருக்கு அதில் பேச்சே இல்லை. ஆல்ஃபா ரோமியோவின் அந்தக் காலத்து வண்டிகளில் கை நீட்டி, கால் மடக்கி ஓட்டும் இருப்பு. ஸ்டீயரிங் தூரத்தில், பெடல் கிட்டத்தில். நீண்ட உடலும் சாதாரணக் காலும் உள்ள மைத்துனருக்கு அது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பொருந்தியது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஏறுவதும் உட்காருவதும் வேறு வேறு என்பதையும் மறக்கக்கூடாது. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல், இறக்கை போல மேலே திறக்கும் கதவு கொண்ட வண்டி. அதன் பக்கச் சட்டம் அவ்வளவு உயரம் என்பதால் ஏறி இறங்க ஸ்டீயரிங் சக்கரமே மடிந்து வழிவிடும். அந்த வசதி இல்லாத வண்டிகளில் எந்தக் காலை முதலில் வைப்பது என்பதைப் பழக வேண்டும். அவசரத்தில் வெளியே வரவும் முடிய வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் மைத்துனரைக் கதவைத் திறந்து இறங்கச் சொல்லி எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினேன்.

இரண்டு 911, இரண்டு விடை

போர்ஷ 911-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தேடலில் மிகத் தெளிவான பாடம் அங்கேதான் கிடைத்தது. 1963-இல் முதலில் காட்டப்பட்ட அந்த வண்டியில் ஆள் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காருவார். முன்கண்ணாடியும் நிமிர்ந்தே நிற்கும். கூரை வளைவின் உச்சி ஓட்டுநரின் தலைக்குப் பக்கத்தில் வருகிறது. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்னால் கால் நீட்டவும் இடம் உண்டு. உயரமானவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

ஆனால் நாங்கள் முதலில் உட்கார்ந்த 911-இல் அவர் தலை இடித்தது. மனம் உடைந்து போனார். ஒரு மாதம் கழித்து அதே காலத்து இன்னொரு 911 கிடைத்தது. அதில் தலைக்கு மேல் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. இரண்டையும் வைத்து யோசித்தபோதுதான் விடை கிடைத்தது. முதல் வண்டியில் சன்ரூஃப் இருந்தது. நகரும் இரும்புத் தகடும் அதன் பள்ளமும் சட்டமும் உட்கூரைக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. அந்தத் தடிமன் முழுவதும் ஓட்டுநர் தலையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அப்போதிலிருந்து விற்பவரிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "சன்ரூஃப் இருக்கா?" என்பதுதான். இருந்தால் போகவே இல்லை.

சன்ரூஃப் இல்லாத அந்த 911 விற்பனைக்கு வந்ததில்லை. சொந்தக்காரர் மனமுவந்து உட்காரவிட்டார், அவ்வளவுதான். அதற்கு நன்றி.

டாட்சன் 240இசட் அடுத்து. 1969-இல் அறிமுகமானபோதே அமெரிக்க வாடிக்கையாளர்களை மனதில் வைத்து வந்த வண்டி. தாழ்ந்த சீட், நீண்ட கால்வெளி. சீட்டை இரண்டு பல் முன்னே வைத்தால் தலை தப்பியது. நாங்கள் பார்த்த வண்டியில் சீட் போல்ட் இறங்கும் தரைத்தகடு துருவேறி, கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கியது. விபத்தில் சீட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தகடுதான். அதனால் விட்டுவிட்டோம். நல்ல தரையோடு ஒன்று கிடைத்திருந்தால் தேடல் அங்கேயே முடிந்திருக்கும்.

வேண்டாம் என்று விட்டதற்கே திரும்பியது

எம்ஜிபியின் கூப்பே வடிவமான ஜிடி 1965-இல் வந்தது. அதன் கூரைக்கு இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா உருவம் கொடுத்தது. ரோட்ஸ்டரைவிட ஜிடியின் முன்கண்ணாடி உயரம் கூடுதல். ரோட்ஸ்டரில் கண்ணை மறித்த சட்டம் இதில் மேலே போய்விடுகிறது. கூரையும் ஓட்டுநர் தலையைத் தாண்டிய பிறகுதான் சரியத் தொடங்குகிறது. கணக்குப்படி பொருந்த வேண்டிய வண்டி. ஆனால் தேடலின் இரண்டாவது வாரத்திலேயே ஒன்றில் உட்கார்ந்து, தலை தொட்டதும் வேண்டாம் என்று எழுதிவிட்டோம்.

ஆறு மாதம் கழித்து அதே வண்டியை மறுபடி பார்க்கப் போனதற்குக் காரணம் என் குறிப்பேட்டில் இருந்த ஒரு வரி: 'சீட் புதுசு, கல் மாதிரி இருக்கு.' முந்தைய சொந்தக்காரர் ஒரு பட்டறையில் சீட்டைப் புதுப்பித்திருந்தார். தையல் அழகாக இருந்தது. உள்ளே வைத்த புது ஃபோம் மட்டும் கெட்டியானது, பழையதைவிடத் தடிமனானது. பழைய சீட்டுகளில் உட்கார்ந்ததும் அடியில் இருக்கும் ரப்பர் பட்டைகள் தளர்ந்து ஆள் உள்ளே இறங்குவார். புது ஃபோமில் இறங்காமல் மேலேயே நிற்பார். இந்த முறை நான் சீட்டின் நடுவில் முழங்கையை ஊன்றி முழு எடையையும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு சென்டிமீட்டர்கூட அமுங்கவில்லை. வண்டி பழையது, ஆனால் தலையை இடிக்க வைத்தது அதில் இருந்த ஒரே புதுப் பொருள்.

சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் கிடைத்தது. எம்ஜிபியில் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ரன்னருக்கும் தரைக்கும் நடுவே மரப்பட்டிகள் வைத்திருப்பார்கள், கம்பளத்தில் சிக்காமல் சீட் நகர்வதற்காக. அந்த வண்டியில் யாரோ அசலைவிடத் தடிமனான பட்டிகளைப் போட்டிருந்தார்கள். உயரம் குறைந்த ஒருவர் சாலையைப் பார்க்கச் செய்த ஏற்பாடாக இருக்கலாம்.

வண்டியை வாங்கினோம். வேலை இரண்டு நாளில் முடிந்தது. குஷன் ஃபோமைப் பின்பக்கம் அதிகமாகவும் முன்பக்கம் குறைவாகவும் குறைத்தோம். அப்போதுதான் தொடைக்குத் தாங்கல் போகாது. அதில் மூன்று சென்டிமீட்டர் கிடைத்தது. மரப்பட்டிகளை மெலிதாக்கியதில் இன்னும் ஒன்று. மொத்தம் நான்கு, அதாவது நண்பருக்கும் இவருக்கும் இருந்த அதே வித்தியாசம். பட்டியை முழுதாக எடுக்கவில்லை; எடுத்தால் ரன்னர் கம்பளத்தில் மாட்டும். போல்ட்டின் நீளத்தையும் அதற்கேற்ப மாற்றினோம். வெட்டி எடுத்த ஃபோமைத் தூக்கிப் போடாமல் துணி சுற்றி வைத்திருக்கிறார், நாளைக்கு வேறு யாராவது ஓட்டுவார்கள் என்று.

ஃபோமையும் பட்டியையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள், ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பட்டியைக் குறைத்தால் சீட் முழுவதும், ஹெட்ரெஸ்ட்டோடு சேர்ந்து இறங்கும். ஃபோமைக் குறைத்தால் ஆள் மட்டும் இறங்குவார், ஹெட்ரெஸ்ட் அங்கேயே இருக்கும். உயரமானவர்களுக்குப் பழைய ஹெட்ரெஸ்ட் கழுத்தோடு நின்றுவிடுவது பெரிய ஆபத்து. பின்னால் மோதினால் தலை அதற்கு மேலாக வளைந்துவிடும். அறுபதுகளின் பல சீட்டுகளில் அது கிடையவே கிடையாது. அமெரிக்காவில் கார்களுக்கு அது கட்டாயமானதே 1969-இல்தான். ஃபோமைக் குறைத்த பிறகு மைத்துனரின் தலையின் பின்பக்கம் ஹெட்ரெஸ்ட்டின் மேல்பாதிக்கு வந்தது. அதில் எனக்குக் கிடைத்த நிம்மதி கூரை இடைவெளியால் கிடைத்ததைவிடப் பெரிது.

ஸ்டீயரிங் சக்கரத்தை ஓர் அங்குலம் விட்டம் குறைந்ததாக மாற்றினோம். தொடைக்கு அரை அங்குலம் கிடைத்தது. சுற்றுவதற்குக் கொஞ்சம் கனமாகிவிட்டது என்கிறார். அவருடைய 46 அளவு ஷூவுக்குப் பெடல்கள் நெருக்கம் என்பதால் ஒடுக்கமான, மெலிந்த அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடியை வண்டியிலேயே வைத்திருக்கிறார். சீட் பெல்ட்டை மட்டும் தொடவில்லை. இடம் கிடைக்கும் என்று முதுகை மிகவும் சாய்த்தால் பெல்ட் மார்பை விட்டு விலகிவிடும், அது வேண்டவே வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

கடைசிச் சோதனை

நின்ற வண்டியில் தலை தப்பினால் போதாது. குண்டும் குழியுமான சாலையில் ஆள் சீட்டிலிருந்து எழும்பி இறங்குவார். உட்கூரையில் அவர் தலைக்கு நேராக ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் நீலச் சாக்குக் கட்டியை அழுத்தித் தேய்த்தேன். தலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டச் சொன்னேன். மெலிந்த துணிதான், கணக்கைக் கெடுக்காது.

தெரிந்த சாலையில் இரண்டு மணி நேரம், வேகத்தடைகளும் ஒரு பாதி போட்ட பாலமும் உட்பட. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடச் சாயவில்லை. திரும்பி வந்ததும் கைக்குட்டையை அவிழ்த்து வெளிச்சத்தில் விரித்தோம். பாலத்தில் ஏறியபோது பட்டிருக்க வேண்டும், உச்சியில் ஒரே ஒரு நீலப் புள்ளி, அரிசி அளவுக்கு.

"இன்னும் அரை சென்டிமீட்டர் எடுக்கலாமா மாமா?" என்று கேட்டார். பின்பக்க ஃபோமில் அதற்கு இடம் இருந்தது. மறுநாள் காலை எடுத்தோம்.